படகிலிருந்து சைட்மவுண்ட்: கருவிகளைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சைட்மவுண்ட் என்பது காற்றுச் சிலிண்டர்களை முதுகில் சுமக்காமல் இரு விலாவோரமும் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் டைவ் செய்யும் முறை. அதற்கான கருவி வாங்க நினைப்பவர் பெரும்பாலும் ஹார்னெஸ், அதாவது சிலிண்டரைத் தாங்கும் வார் அமைப்பின் படங்களைப் பார்த்துத்தான் தொடங்குகிறார். எந்த விங் (மிதப்புக்காகக் காற்றடைக்கும் பை) மெலிதாக இருக்கிறது, எதில் வார் குறைவு என்று வாரக்கணக்கில் ஒப்பிடுகிறார். கருவி வந்து சேர்ந்து படகில் ஏறினால், அங்குள்ள சிலிண்டர் வால்வு தன் ரெகுலேட்டருக்கு (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் கருவிக்கு) பொருந்துவதில்லை. ஏணி ஒடுக்கமாக இருக்கிறது. கூட வந்தவர்கள் எல்லோரும் குதித்துவிட்டுக் கீழே காத்திருக்கிறார்கள். எனவே இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் படகு, அடுத்து அதில் கிடைக்கும் சிலிண்டர், அதன் பிறகு வால்வும் ரெகுலேட்டரும். ஹார்னெஸுக்கு அதற்குப் பின்னால்தான் இடம்.

இங்கே பேசப்படுவது வெதுவெதுப்பான கடலில், 40 மீட்டருக்குள், டெக்கம்ப்ரஷன் நிறுத்தம் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலேறும் வழியில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத பொழுதுபோக்கு டைவிங். ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் பெற்று, முதுகில் ஒற்றைச் சிலிண்டருடன் நிதானமாக மிதக்கப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது

சிலிண்டரை முதுகிலிருந்து விலாவுக்கு நகர்த்தியவர்கள் குகைக்காரர்கள். 1960களில் இங்கிலாந்தின் குகைகளில், நீர் நிரம்பிய இடுக்குகளைக் கடந்து அப்பால் இருக்கும் உலர்ந்த பகுதிக்குப் போக விரும்பியவர்கள் சிலிண்டரை இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள். 1970களில் புளோரிடாவின் குகை டைவர்கள் இந்த ஏற்பாட்டை எடுத்துத் தங்கள் நீரூற்றுக் குகைகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில், செனோட்டே (சுண்ணாம்புப் பாறை இடிந்து உருவான நீர்க்குழி) குகைகளில் அலுமினியச் சிலிண்டர்களுக்கேற்ற மெல்லிய ஹார்னெஸ்கள் உருவாயின.

புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் டைவர் பெரும்பாலும் இடுப்பளவு அமைதியான நீரில் நின்றுகொண்டு, அவசரமில்லாமல் ஒவ்வொரு சிலிண்டராக மாட்டிக்கொள்ள முடியும். படகில் அந்த வசதி கிடையாது. தளம் ஆடுகிறது, கீழே நீரோட்டம் இழுக்கிறது, ஏற ஓர் ஏணி மட்டும் இருக்கிறது. குகைக்காகப் பிறந்த கருவியைப் படகுக்குக் கொண்டுவரும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பதே இந்தத் தேர்வின் சாரம்.

படி 1: உங்களுக்கு இது தேவைதானா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார். அங்கே அழுத்தம் 3 பார், அதாவது மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. எனவே நிமிடத்துக்கு 54 லிட்டர் செலவாகிறது. வழக்கமான அலுமினியம் 80 சிலிண்டரின் உட்கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் தொடங்கி 50 பாரை மீதம் வைத்தால் 1,665 லிட்டர் காற்று கையில் இருக்கும். அது ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு வரும். இரண்டு சிலிண்டர் என்றால் ஒரு மணி நேரம். ஆனால் பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் பொழுதுபோக்கு டைவ் அட்டவணைப்படி, 20 மீட்டரில் சாதாரணக் காற்றுடன் நிறுத்தமின்றி இருக்கக்கூடிய நேரம் 45 நிமிடம். அந்த ஆழத்திலேயே இருந்தால் காற்று தீரும் முன்பே நேரம் தீர்ந்துவிடும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) பயன்படுத்துபவருக்கும், ஆழம் குறைந்த பவளத்திட்டில் நீண்ட நேரம் படம் எடுப்பவருக்கும்தான் இரண்டாவது சிலிண்டரின் காற்று முழுதாகப் பயன்படும்.

ஆகவே கூடுதல் நேரத்துக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காற்று வழிகள் கிடைக்கின்றன. வால்வும், அதில் பொருத்தும் ரெகுலேட்டரின் முதல் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் கண் முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. எங்காவது குமிழி சீறினால் நொடிகளில் பார்த்து மூடிவிடலாம். ரெகுலேட்டர் நில்லாமல் சீறும்போதுகூட, வால்வைக் கையால் திறந்து மூடித் திறந்து மூடி அந்தச் சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்க முடியும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இன்னொரு வரம்: சிலிண்டரை நீரிலேயே மாட்டி நீரிலேயே கழற்றலாம், முதுகில் சுமந்து நடக்க வேண்டியதில்லை.

இரண்டு சிலிண்டர் இருப்பதால் ஆழத்தின் எல்லை விரிந்துவிடாது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் கப்பல் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதற்குத் தேவை டெக்னிக்கல் பயிற்சி. விலாவில் தொங்கும் கூடுதல் சிலிண்டர் அதற்கு ஈடாகாது.

படி 2: படகை விசாரியுங்கள்

எந்தப் படகுகளில் அதிகம் போகப்போகிறீர்களோ அந்த டைவ் மையத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். ஒரு டைவருக்கு இரண்டு சிலிண்டர் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா? அலுமினியமா, எஃகா? வால்வு டின் வகையா (ரெகுலேட்டரை உள்ளே திருகுவது), யோக் வகையா (வெளியிலிருந்து கவ்வுவது)? நீரில் இருப்பவருக்குச் சிலிண்டரை இறக்கிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா? நங்கூரமிட்டு டைவ் செய்கிறார்களா, ஓட்டத்தோடு மிதந்து போகிறார்களா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். மாலத்தீவின் கால்வாய் டைவ்களில் தோணி ஓட்டம் வரும் பக்கத்தில் நிற்கும். சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒன்றாகக் குதித்து நேராகக் கீழே போக வேண்டும். மேற்பரப்பில் ஒரு நிமிடம் நின்று இரண்டாவது சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தால், நிமிர்ந்து பார்க்கும்போது கால்வாயின் வாயைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே இரண்டு சிலிண்டரையும் படகிலேயே மாட்டிக்கொண்டு குதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாவிட்டால் அன்றைக்கு முதுகுச் சிலிண்டருடன் போவதே நல்லது. மேலும் மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டம் விதிக்கும் எல்லை 30 மீட்டர். நிறுத்தம் தேவைப்படும் டைவுக்கும் அனுமதி இல்லை. கூடுதல் காற்றால் கிடைக்கும் லாபம் அங்கே இன்னும் சுருங்கிவிடுகிறது.

படி 3: சிலிண்டர்

விமானத்தில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவது நடக்காத காரியம். எனவே வாடகைக்குக் கிடைப்பதுதான் உங்கள் சிலிண்டர். வெப்பக் கடல்களில் அது பெரும்பாலும் அலுமினியம் 80 ஆகவோ அதையொத்த அலுமினியமாகவோ இருக்கும்.

அலுமினியத்தின் குணம் தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். நிரம்பியிருக்கும்போது அது நீரில் சற்றே மூழ்கும். காலியாகும்போது ஏறத்தாழ 2 கிலோ அளவுக்கு மிதக்கும். காற்றுக்கும் எடை உண்டு: 11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று என்றால் சுமார் 2.7 கிலோ. டைவ் போகப்போக அந்த எடை கரைகிறது. வால்வும் ரெகுலேட்டரும் மேல்முனையைக் கனமாக வைத்திருப்பதால், இலேசாகிவிட்ட அடிமுனை மட்டும் மேலே எழும்பும். அதனால்தான் டைவின் பாதியில், சிலிண்டரின் கீழ்ப்பகுதியை இடுப்போடு பிணைக்கும் அடிக் கொக்கியை இடுப்பின் பின்பக்க வளையத்திலிருந்து கழற்றி முன்பக்க வளையத்துக்கு மாற்றுகிறோம். ஹார்னெஸ் தேர்வின்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

எஃகுச் சிலிண்டர் கடைசிவரை கனமாகவே இருக்கும், அடிமுனை எழும்பாது. தடித்த உடை அணியும் குளிர்நீருக்கு அது பொருத்தம். 3 மில்லிமீட்டர் வெட்சூட்டுடன் இரண்டு பெரிய எஃகுச் சிலிண்டரை மாட்டினால், ஈயம் ஒன்றுகூட இல்லாமலே அளவுக்கு மீறிய எடை ஆகிவிடும். விங் கிழிந்தால் மேலே வருவது பெரும்பாடு. வெப்பக் கடலில் அலுமினியமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றைச் சிலிண்டரை ஒரு பக்கம் மட்டும் மாட்டிப் போவதையும் சிலர் கற்றுத் தருகிறார்கள். படகில் இரண்டாவது சிலிண்டர் கிடைக்காத நாளில் அது உதவலாம். ஆனால் இரட்டைக் காற்று வழி என்ற முதன்மை ஆதாயமே அதில் இல்லாமல் போகிறது. அதற்காக யாரும் சைட்மவுண்ட் வாங்கத் தேவையில்லை.

படி 4: வால்வு, ரெகுலேட்டர், ஹோஸ்

பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாங்குங்கள். உதிரிப் பாகமும் சர்வீஸும் ஒன்றாகவே முடியும். சுழலும் தலையும், அதன் நுனியில் ஐந்தாவது துளையும் உள்ள மாடல் என்றால் ஹோஸ்கள் சிலிண்டரை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடும். அவை வெளியே வளைந்து நின்றால் ஏணியிலும் பவளத்திலும் சிக்கும்.

டின் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். திருகி உள்ளே இறங்குவதால் ஓ-ரிங் பிதுங்குவது அரிது. விலாவோரம் துருத்திக்கொண்டும் இருக்காது. வாடகைச் சிலிண்டர்கள் பலவற்றில் யோக்குக்கான செருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் டின் பொருந்தும். அதற்குரிய ஆலன் கீயும், கழற்ற முடியாத வால்வுகளுக்காக டின்னை யோக்காக மாற்றும் இரண்டு அடாப்டரும் பையில் எப்போதும் இருக்கட்டும். சொந்தச் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இடம் வலமாக எதிரெதிரே திறக்கும் ஜோடி வால்வு போட்டுக்கொள்கிறார்கள். வாடகையில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். ஒன்றின் குமிழ் ஒரு திசையையும் மற்றது வேறு திசையையும் பார்க்கும். எது எங்கே என்று குதிப்பதற்கு முன் கண்ணை மூடித் தொட்டுப் பழகிவிடுங்கள்.

ஹோஸ்களைப் பெரும்பாலோர் அமைக்கும் விதம் இது. வலது சிலிண்டரிலிருந்து நீள ஹோஸ், அதன் நுனியில் காற்று தீர்ந்த துணை டைவருக்குத் தருவதற்கான செகண்ட் ஸ்டேஜ், அதாவது வாயில் வைத்துச் சுவாசிக்கும் பகுதி. இடது சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் குட்டை ஹோஸ், அதன் செகண்ட் ஸ்டேஜ் கழுத்தைச் சுற்றிய ரப்பர் கயிற்றில் தாடைக்குக் கீழே தொங்கும். விங்கில் காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டரின் ஹோஸும் இடதிலிருந்தே வரும். நீள ஹோஸ் குகையில் 2.1 மீட்டர், அங்கே ஒருவர் பின் ஒருவராக வெளியேற வேண்டியிருக்கும். திறந்த கடலில் 1.5 மீட்டர் போதும், சுற்றிச் செருக வேண்டிய மீதியும் குறைவு. பிற்காலத்தில் குகைக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் 2.1 மீட்டரே வாங்கிவிடுங்கள்.

சிலிண்டர்களை மாற்றி மாற்றிச் சுவாசிப்பீர்கள் என்பதால், துணை டைவருக்குக் காற்று தீரும் நேரத்தில் உங்கள் வாயில் இருப்பது குட்டை ஹோஸாகவும் இருக்கலாம். அப்போது நீள ஹோஸின் செகண்ட் ஸ்டேஜ் வலது தோள் வளையத்தில் கொக்கியில் மாட்டியிருக்கும். இழுத்தால் பிரிந்து வரும் இணைப்பாக அதை அமைத்துக்கொள்ளுங்கள். படகில் அறிமுகமாகும் துணையிடம் அதைத் தொட்டுக் காட்டி, ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுத்தமானி சிலிண்டருக்கு ஒன்று, 15 சென்டிமீட்டர் குட்டை ஹோஸில். கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர் விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழக்கமில்லாத படகுப் பணியாளர்கள் அதைக் கைப்பிடி என்று நினைத்துச் சிலிண்டரையே தூக்கிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: ஹார்னெஸும் விங்கும்

சந்தையில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, அலுமினியத்துக்கென்றே வடிவமைத்த மெல்லிய வார் அமைப்பு: ரேசர், எக்ஸ்டீப் ஸ்டெல்த் போன்றவை. இரண்டாவது, எஃகுச் சிலிண்டரின் எடையைத் தாங்க இடுப்பின் பின்புறம் அகலமான தகடோ தண்டவாளமோ கொண்ட கனமான அமைப்பு. டைவ் ரைட் நிறுவனத்தின் நோமேட் புளோரிடாவின் அந்த மரபிலிருந்து வந்தது. மூன்றாவது, தேவைப்பட்டால் முதுகில் ஒற்றைச் சிலிண்டரும் மாட்டக்கூடிய கலப்பு வகை; ஹோலிஸ் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் வரிசையில் அத்தகையவை உண்டு.

ஆண்டுக்குச் சில பயணங்கள், ஒவ்வொன்றிலும் வேறு படகு என்றால் கலப்பு வகையைப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் கிடைக்காத நாளில் டைவ் வீணாகாது. ஒரே மையத்துடன் தொடர்ந்து போகிறவர், அவர்கள் ஒத்துழைக்கிறவர்கள் என்றால், முதல் வகையே சிறந்தது. மடித்தால் சிறிய பையில் அடங்கிவிடும், நீரில் உடலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை வெப்பக் கடல் படகுக்குத் தேவையற்ற சுமை.

மிதப்புத் திறனைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். இரண்டு சிலிண்டர் காற்றின் எடை 5.4 கிலோ. ஆழத்தில் வெட்சூட் நசுங்குவதால் இழக்கும் மிதப்பையும், மேற்பரப்பில் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கத் தேவையானதையும் சேர்த்தால் 11 முதல் 14 கிலோ வரை போதுமானது. அதற்கு மேல் வாங்கினால் வெறும் துணிதான் இழுவிசையைக் கூட்டும்.

இன்ஃப்ளேட்டர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். சில விங்குகளில் அது இடுப்புப் பக்கத்திலிருந்து மார்புக்கு ஏறி வரும். பழைய பழக்கப்படி கையை மேலே தூக்கிப் பொத்தானை அமுக்கினால் காற்று வெளியேறாது, ஏனென்றால் காற்று மேலே தோள்பக்கம் தேங்கியிருக்கிறது. காற்றை வெளியேற்றும் இழுவால்வின் கயிறு எங்கே இருக்கிறது என்று கை தானாகத் தேடும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். படகுக்குக் கீழே மேலேறும்போது இது விளையாட்டல்ல.

கடையில் போட்டுப் பார்க்கும்போது நீங்கள் கடலில் அணியும் அதே வெட்சூட்டை அணிந்துகொள்ளுங்கள். குனிந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிப் பாருங்கள். தோள்வார் கழுத்தை அறுக்கக் கூடாது; தொடையிடுக்கு வார் விங்கை மேலே நழுவவிடக் கூடாது. இடுப்பின் முன்வளையம் நகரக்கூடியதா, அல்லது முன்னும் பின்னும் தனித்தனி வளையம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அலுமினியத்துக்கு இது கட்டாயம்.

படி 6: பட்டையும் பஞ்சியும்

சைட்மவுண்ட் நன்றாக உட்கார்வதும் உட்காராததும் இந்த மலிவான சாமான்களில்தான் இருக்கிறது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

திருகால் முறுக்கும் உலோக வளையம் சொந்தச் சிலிண்டருக்குச் சரி. வாடகைச் சிலிண்டருக்கு, நெம்பி இறுக்கும் பக்கிள் உள்ள பட்டை இரண்டு வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு துருப்பிடிக்காத போல்ட் ஸ்னாப் கொக்கி. சிலிண்டர் மேல் பிளாஸ்டிக் வலை இருந்தால் உருவிவிடுங்கள். அதன் மேல் பட்டை நிற்காது. பட்டையை நனைத்த பிறகே இறுக்குங்கள். காய்ந்த நாடா நீரில் தளர்ந்துவிடும்.

பட்டை எந்த உயரத்தில்? ஹார்னெஸ் அணிந்து நின்று, சிலிண்டரை விலாவோடு அணைத்து, வால்வை அக்குளுக்குள் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் இடுப்பு வளையம் சிலிண்டரைத் தொடும் இடமே பட்டைக்கான இடம். வால்வு மார்புக்கு முன்னால் நழுவினால் பட்டையை வால்வுப் பக்கம் நகர்த்துங்கள். அக்குளுக்குப் பின்னால் போனால் அடிப்பக்கம் நகர்த்துங்கள். விரல் அகலம் நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். அடுத்தது திருப்பம்: பட்டையைச் சிலிண்டரைச் சுற்றிக் கொஞ்சம் திருப்பினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பார்க்கும் திசை மாறும். அது மார்போரம் ஒடுங்கி இருக்க வேண்டும். விலாவில் குத்தவும் கூடாது, கையில் உரசவும் கூடாது.

மேல்முனையைப் பிடித்திருப்பது முதுகிலிருந்து அக்குள் வழியே வரும் ரப்பர் கயிறு, அதாவது பஞ்சி. அதை வால்வின் மேல் சுற்றி மாட்டுவோம். முதுகின் குறுக்கே ஒரே கயிறாக ஓடும் வகையில் இரு பக்கமும் சமமாக இழுபடும். தனித்தனி வளையமாக இருக்கும் வகையை ஆடும் படகில் மாட்டுவது எளிது. எதுவானாலும் அதோடு ஒரு பாதுகாப்புக் கயிறு சேர்த்துக்கொள்ளுங்கள்: வால்வின் கழுத்தில் ஒரு சுருக்கு, அதில் சிறு கொக்கி, அது தோள் வளையத்துக்கு. படகிலிருந்து குதிக்கும் அதிர்ச்சியில் பஞ்சி வால்விலிருந்து நழுவுவது உண்டு. இந்தக் கயிறு இருந்தால் சிலிண்டர் தொங்கித் தொடையில் மோதாது. பணியாளர் சிலிண்டரை இறக்கிக் கொடுக்கும்போதும் முதலில் மாட்ட வேண்டிய கொக்கி இதுவே.

படி 7: எடை

ஈயத்தை இடுப்பில் மட்டும் குவித்தால் கால் தாழும். முதுகெலும்போரப் பையில் பெரும்பகுதியை வையுங்கள். ஆபத்தில் கழற்றிவிடக்கூடிய ஒரு பகுதி இடுப்பில் இருக்கட்டும். அளவைச் சோதிக்க வேண்டிய நேரம் டைவின் முடிவு: இரண்டிலும் 50 பார் மட்டும் மீந்திருக்க, 5 மீட்டரில் விங் காலியாக அசையாமல் நிற்க முடிய வேண்டும்.

படி 8: படகில் செய்முறை

கருவி வாங்கும் முன்பே இதை மனதில் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கொக்கி பெரிதாக இருக்க வேண்டும், எது தேவையில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

நிரம்பிய அலுமினியம் 80 ரெகுலேட்டருடன் 18 கிலோவைத் தொடும். இரண்டும் சேர்ந்தால் 36. பெரிய படகில், இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டையும் மாட்டி, பணியாளர் தோளைப் பிடிக்க, எழுந்து இரண்டடி வைத்துக் குதிக்கலாம். சிறிய படகில் விளிம்பில் உட்கார்ந்து பின்புறமாக விழலாம்; கைகளால் இரண்டு வால்வையும் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நங்கூரமிட்ட படகில், அமைதியான நீரில், இடது சிலிண்டருடன் குதித்து வலதைக் கீழே வாங்கிக்கொள்வது சுலபம். எந்த வழியிலும் நீரைத் தொடும் முன் இரண்டு வால்வும் திறந்திருக்க வேண்டும், விங்கில் காற்று இருக்க வேண்டும், இரண்டு செகண்ட் ஸ்டேஜிலும் மூச்சு இழுத்து அழுத்தமானியின் முள் ஆடாமல் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

கீழே ஒவ்வொரு 30 முதல் 50 பாருக்கும் ஒரு முறை சிலிண்டரை மாற்றுங்கள். இரு பக்கமும் சமமாகக் குறைந்தால்தான் உடல் சாயாது. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கத்தில் ஏறி வரப் போதிய காற்று இருக்கும்.

ஏறும்போது ஏணிக்கு வரும் முன்பே விங்கை நிரப்பி, படகின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அடிக் கொக்கி, அடுத்து பஞ்சி. சிலிண்டரைப் பணியாளர் இறுகப் பிடித்த பிறகே பாதுகாப்புக் கயிறு. நீள ஹோஸும் இன்ஃப்ளேட்டரும் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் மேலே கொடுக்க வேண்டும். இரண்டையும் கொடுத்தபின் வெறும் ஹார்னெஸுடன் ஏறலாம். அலை உயரமாக இருந்து கொடுக்க முடியாவிட்டால் அடிக் கொக்கிகளைக் கழற்றாமல், இரண்டையும் மாட்டியபடியே ஏற நேரும். ஏணியின் அகலம் அதற்கு இடம் தருமா என்று காலையிலேயே பார்த்துவையுங்கள். மேற்பரப்புக்கு அனுப்பி இருப்பிடம் காட்டும் மிதவைக் குழாயும் அதன் கயிற்றுச் சுருளும் இடுப்புக்குப் பின்னால் தொங்கும் பையில் இருக்கட்டும். ஓட்ட டைவில் படகு உங்களைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

படி 9: எந்த வரிசையில் வாங்குவது

முதலில் பயிற்சி. பாடி, எஸ்எஸ்ஐ, டிடிஐ, ரெய்டு ஆகிய அமைப்புகள் சைட்மவுண்ட் பயிற்சி தருகின்றன. பயிற்றுநரின் கருவியில் பழகுங்கள். முடிந்தால் இரண்டு வகை ஹார்னெஸாவது அணிந்து பாருங்கள். தானே படகிலிருந்து சைட்மவுண்டில் குதிக்கும் பயிற்றுநராகத் தேடுங்கள். நீச்சல் குளத்தோடு முடியும் பயிற்சி உங்களுக்குப் பாதிதான்.

பிறகு இரண்டு ரெகுலேட்டரும் ஹோஸ்களும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் அதே மாடலில் இன்னொன்று. அடுத்து இரண்டு பட்டை, கொக்கிகள், பாதுகாப்புக் கயிறு, அடாப்டர்கள். ஹார்னெஸும் விங்கும் கடைசியில். அதற்குள் உங்கள் உடலுக்கும் உங்கள் படகுக்கும் எது பொருந்தும் என்பது தெரிந்திருக்கும். இந்த ஒன்றை மட்டும் பழையதாக வாங்கலாம். வாரும் உலோகமும் எளிதில் கெடாது. விங்கை முழுதாகக் காற்றடைத்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் பைக்குள் ஓட்டை இருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் வாங்கிய அன்றே பழைய பஞ்சியை அறுத்து எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள்.